கோணிப்போன குரோஷேயும் கொழுந்துக் கணக்கும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. குரோஷே பழகுகிற பிள்ளைகளுக்கும், பழகப் போய் இடையில் விட்டவர்களுக்கும், அவர்களுடைய உம்மாமாருக்கும் அம்மாமாருக்கும் எழுதுகிறேன். ஆறுதலாக வாசியுங்கள்.

பதுளையில் மனைப்பொருளியல் படிப்பிக்கிறேன். டவுன் பிள்ளைகளும், ஹாலிஎல, பசறை, தெமோதரைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். குரோஷே தொடங்கி இரண்டாவது கிழமையில் கிட்டத்தட்ட எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "டீச்சர், எனக்குக் கை சரியில்லை." சதுரமாகத் தொடங்கியது முக்கோணமாகிறது. வட்டமாகத் தொடங்கியது கிண்ணமாகிறது. யூடியூப் பார்த்துச் செய்தால் உயரம் பாதியாகிறது. மூன்றாவது கிழமையில் சிலர் கொக்கி ஊசியைப் பைக்குள் வைத்துவிட்டுத் திரும்ப எடுப்பதே இல்லை.

அவர்கள் கையில் ஒரு பிழையும் இல்லை. இந்தப் பிழைகளில் பாதி, குரோஷே நம்மிடம் வந்து சேர்ந்த வழியில் உண்டானவை. மீதிப் பாதி எண்ணாமல் விட்டதால் வருபவை. வந்த வழியைத் தெரிந்துகொண்டால் பிழையைத் திருத்தலாம். அதோடு, பின்னத் தெரிந்தும் கணக்கு வைக்காத பெண்களுக்கு என்ன நடந்தது என்பதும் தெரியவரும். அதற்காகத்தான் வரலாற்றையும் பிழை திருத்தத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.

ரேந்தை என்றால் எது?

நம் வீடுகளில் துளை துளையாக இருக்கும் எந்தப் பின்னலையும் "ரேந்தை" என்போம். இது போர்த்துக்கேயச் சொல். 1505 இல் இலங்கைக்கு வந்தவர்கள் விட்டுப்போன அலுமாரி, கதிரை, சப்பாத்து, யன்னல் என்ற சொற்களோடு ரேந்தையும் நம் வாயில் தங்கிவிட்டது. சிங்களத்திலும் அதே சொல்தான்.

ஆனால் ரேந்தை ஒரே வகை அல்ல. காலி, வெலிகமைப் பக்கம் தலையணை மேல் குண்டூசி குத்தி, பல மரக் கட்டைகளில் நூல் சுற்றி மாற்றி மாற்றிப் போடுவார்களே, அது பீரலு ரேந்தை. சாதாரண ஊசியால் காற்றில் தைப்பது போலச் செய்வது ஊசி ரேந்தை. குரோஷே மூன்றாவது வகை. ஒரு கொக்கி ஊசி, ஒரு நூல், அவ்வளவுதான். குரோஷே என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கே சிறு கொக்கி என்றுதான் பொருள்.

மூன்றிலும் வயதில் இளையது குரோஷேதான். பழைய எகிப்து, பழைய அரேபியா என்றெல்லாம் இணையத்தில் எழுதுகிறார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. 18ஆம் நூற்றாண்டில் கிழக்கு நாடுகளில் இருந்து ஐரோப்பாவுக்குப் போன ஒரு வேலை, சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிக் கொக்கியால் சங்கிலி போடுவது. இன்று கல்யாண பிளவுஸுக்குப் போடும் ஆரி வேலையின் உறவுக்காரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே யாரோ துணியை எடுத்துவிட்டு வெறும் நூலில் அதே சங்கிலியைப் போட்டுப் பார்த்ததில்தான் குரோஷே பிறந்தது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அச்சில் வந்த முதல் குரோஷே மாதிரிகள் 1820களில் ஒல்லாந்து நாட்டுப் பெண்கள் சஞ்சிகை ஒன்றில் வந்தவை. ஆக, இதற்கு வயது இருநூறு ஆண்டுகள் அளவுதான்.

பஞ்சத்தில் வளர்ந்த கலை

குரோஷேயை உலகம் அறியச் செய்தது அயர்லாந்து. 1845 இல் அங்கே உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. 1852 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் பத்து இலட்சம் பேர் அளவில் இறந்தார்கள். இன்னும் பத்து இலட்சம் பேர் கப்பலேறினார்கள். கோர்க் பகுதியில் கன்னியர் மடங்களும், குளோன்ஸ் என்ற ஊரில் 1847 இல் கசாண்ட்ரா ஹாண்ட் என்ற பாதிரியாரின் மனைவியும், பட்டினி கிடந்த குடும்பங்களுக்குக் குரோஷே பழக்கினார்கள். வெனிஸ் நகரத்து விலையுயர்ந்த ஊசி ரேந்தையைப் பார்த்து, அதைப் போலவே கொக்கியால் விரைவாகச் செய்வது. ஊசியை வளைத்து, மரப்பிடியில் செருகி, வீட்டிலேயே கொக்கி செய்துகொண்டார்கள்.

இதே 1840களில்தான் கண்டி மலையில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. நம் தோட்டப் பிள்ளைகளின் மூதாதையர் தமிழகத்தில் இருந்து மன்னார் வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த காலமும் இதுவே. அயர்லாந்தில் பசி, தமிழகத்துக் கிராமங்களிலும் பசி. அங்கே கையில் கொக்கி கொடுத்தார்கள். இங்கே முதலில் கோப்பிக் கூடையும், 1869 இல் கோப்பியில் இலை நோய் வந்த பிறகு கொழுந்துக் கூடையும் கொடுத்தார்கள்.

அயர்லாந்தில் வேலை எப்படிப் பிரிந்தது என்பதைப் பாருங்கள். ஒரு வீட்டில் ரோசாப்பூ மட்டும் பின்னுவார்கள். இன்னொரு வீட்டில் இலை மட்டும். வேறொருத்தி எல்லாவற்றையும் வலையால் இணைப்பாள். தம் பூ எப்படிப் பின்னுவது என்பதை அடுத்த வீட்டுக்குக் காட்டாத குடும்பங்களும் இருந்தன. முழு ரேந்தையும் இலண்டனில் என்ன விலைக்குப் போனது என்பது பூப் பின்னியவளுக்குத் தெரிய வழியில்லை. முகவர் கொடுத்ததுதான் விலை.

நம் பக்கத்துக்கு வந்தது

இந்தப் பக்கத்துக்கு ரேந்தை மிஷனரிமாரின் மனைவிமார் வழியாக வந்தது. 1819 இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அங்கே பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் தலையணை ரேந்தை பழக்கினார். அப்போது திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. 1855 இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. அதற்கு முன்னரே, அடிமையாக இருந்த சில பெண்பிள்ளைகள் ரேந்தை பின்னி உழைத்த காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். மார்த்தாவின் மகள் எலைசா, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது ரேந்தையும் அந்த ஊருக்குப் போனது. கூலி கைக்கு வந்து, அதை எண்ணிச் சேர்க்க முடிந்ததால் கிடைத்த விடுதலை அது.

ஆந்திராவில் கோதாவரி ஆற்றுப் பக்கம் நரசாப்பூரிலும் 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிமார் வழியாகவே ரேந்தை வேரூன்றியது. அங்கே நிலைத்தது குரோஷே. அங்கே நடந்தது வேறு கதை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இலங்கையிலும் மிஷன் பள்ளிகளில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் வேலை பாடமாக இருந்தது. ஆனால் ஊவாத் தோட்டங்களில் பெரும்பாலான பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே எட்டவில்லை. தோட்டப் பிள்ளைகளின் படிப்புக்குத் தோட்டத்தைப் பொறுப்பாக்கும் சட்டம் 1907 இல்தான் வந்தது. பத்து வயது வரைக்குமான எழுத்தும் கணக்கும், அதுவும் லயத்துப் பக்கத்து ஒரு கொட்டிலில். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில். பங்களாவின் கதிரைகளில் வெள்ளைக் குரோஷே விரிப்புக் கிடந்தது. அதைத் துவைத்துக் கஞ்சி போட்டவள் லயத்துப் பெண். பின்னும் முறை அவளுக்குப் பாடமாக வரவில்லை. பலருக்குப் பார்த்துப் பார்த்து வந்தது. பார்த்துப் பழகுவது நல்லதுதான். ஆனால் பார்த்துப் பழகியவருக்குக் கை ஓடும், காரணம் தெரியாது. பிழை வந்தால் எங்கே பார்ப்பது என்றும் தெரியாது. எங்கள் முஸ்லிம் வீடுகளில் தொப்பி பின்னிய மூத்தம்மாமாரும் அப்படித்தான். "இப்படிப் போடு மகள்" என்பார்கள். எத்தனை என்று கேட்டால், "கைக்குத் தெரியும்" என்பார்கள்.

இனி வகுப்பில் வரும் ஐந்து பிழைகளுக்கு வருகிறேன்.

1. பெயர்க் குழப்பம்

பாதி உயரத்தில் வந்து நிற்கும் பின்னலுக்குக் காரணம் இதுதான். பிரித்தானியர் ஒரு பெயர் சொல்வார்கள், அமெரிக்கர் அதே பெயரை வேறு கண்ணிக்குச் சொல்வார்கள். நம் பழைய பாடக் குறிப்புகளும் வீட்டில் கிடக்கும் நூல் கம்பனிப் புத்தகங்களும் பிரித்தானிய முறை. யூடியூபில் பெரும்பாலும் அமெரிக்க முறை.

பிரித்தானிய டபுள், அமெரிக்க சிங்கிள்.
பிரித்தானிய ஹாஃப் ட்ரெபிள், அமெரிக்க ஹாஃப் டபுள்.
பிரித்தானிய ட்ரெபிள், அமெரிக்க டபுள்.
பிரித்தானிய டபுள் ட்ரெபிள், அமெரிக்க ட்ரெபிள்.

ஏன் இப்படி? 19ஆம் நூற்றாண்டுப் பிரித்தானியப் புத்தகங்களில், உயரமே இல்லாமல் நூலை இழுத்துவிடும் ஸ்லிப் கண்ணியைத்தான் சிங்கிள் என்றார்கள். ஆகவே அதற்கு அடுத்தது டபுள், அதற்கு அடுத்தது ட்ரெபிள். அமெரிக்கர் ஸ்லிப் கண்ணியைக் கணக்கில் எடுக்காமல், அடுத்ததில் இருந்து ஒன்று என்று தொடங்கினார்கள். எல்லாம் ஒரு படி நகர்ந்துவிட்டது.

எப்படிக் கண்டுபிடிப்பது? மாதிரியில் "சிங்கிள்" என்ற சொல் எங்காவது இருந்தால் அது அமெரிக்க முறை. இன்றைய பிரித்தானியக் குறிப்பில் அந்தச் சொல் வராது. கொப்பியின் முதல் பக்கத்தில் மேலே உள்ள நான்கு வரியை எழுதி ஒட்டுங்கள். பெயரை நம்பாமல், கொக்கியில் எத்தனை தரம் நூலைச் சுற்றிவிட்டு உள்ளே நுழைகிறார்கள் என்று பாருங்கள். சுற்றாமல் நுழைந்தால் பிரித்தானிய டபுள். ஒரு தரம் சுற்றி, பின் இரண்டு இரண்டாகக் கழற்றினால் பிரித்தானிய ட்ரெபிள். கீழே நான் சொல்வதெல்லாம் பிரித்தானிய முறை.

2. இலக்கக் குழப்பம்

"எட்டாம் இலக்க ஊசி வாங்கி வாங்க" என்று எழுதி அனுப்பினால் மூன்று பிள்ளை மூன்று அளவில் கொண்டுவருவார்கள். மூன்றும் சரி! பழைய பிரித்தானிய 8 என்பது 4 மில்லிமீற்றர். அமெரிக்க 8 என்பது 5 மில்லிமீற்றர். மெல்லிய நூலுக்கான உருக்குக் கொக்கியில் 8 என்றால் ஒன்றரை மில்லிமீற்றர் அளவு. பழைய பிரித்தானிய முறையிலும் உருக்குக் கொக்கியிலும் இலக்கம் கூடக் கூட ஊசி மெலியும். அமெரிக்க ஊல் கொக்கியில் இலக்கம் கூடினால் தடிக்கும்.

நூலும் அப்படித்தான். 20 ஐ விட 40 மெல்லியது, 60 இன்னும் மெல்லியது. இது பருத்தி ஆலைகளின் பழைய கணக்கில் இருந்து வந்த பழக்கம். 840 யார் நீளமான சிட்டம் எத்தனை சேர்ந்தால் ஒரு இறாத்தல் வரும் என்று எண்ணுவார்கள். நூல் மெலிந்தால் அதிக சிட்டம் வேண்டும், இலக்கம் கூடும்.

திருத்தம் இலேசு. இலக்கத்தை விட்டுவிட்டு மில்லிமீற்றரைப் பாருங்கள். கொக்கியின் தட்டையான பிடியில் பெரும்பாலும் அடித்திருக்கும். தொடங்கும் பிள்ளைக்கு மெல்லிய நூல் வேண்டாம். வெளிர் நிறத்தில் நடுத்தரத் தடிப்பான ஊலும் 4 மில்லிமீற்றர் கொக்கியும் போதும். கறுப்பு நூலில் கண்ணி தெரியாது. மழை நாளில் லயத்து வெளிச்சத்தில் சுத்தமாகத் தெரியாது.

3. தொடக்கச் சங்கிலி இறுகிப்போவது

முதல் சங்கிலி இறுகி, மேலே போகப் போக அகன்று, விசிறி போல வருவது. பயத்தில் நூலைப் பிடித்து இழுப்பதால் வருவது இது. கண்ணியின் அளவைக் கொக்கியின் தடித்த உடல்தான் தீர்மானிக்க வேண்டும். நாம் கொக்கியின் ஒடுங்கிய கழுத்திலேயே கண்ணியை இறுக்கி விடுகிறோம். ஒவ்வொரு கண்ணியையும் உடல் பகுதிக்கு ஏற்றிவிட்டு அடுத்ததைப் போடுங்கள். அப்படியும் இறுகினால் சங்கிலிக்கு மட்டும் அரை அல்லது ஒரு மில்லிமீற்றர் பெரிய கொக்கி எடுங்கள். இரண்டாவது வரிசையில் பழைய கொக்கிக்கு மாறலாம்.

இடக்கைப் பிள்ளைகளை வலக்கைக்கு மாற்ற வேண்டாம். பக்கத்தில் இருத்தாமல் எதிரே இருத்திக் காட்டினால் கண்ணாடியில் பார்ப்பது போலப் பிடித்துக்கொள்வார்கள்.

4. சதுரம் முக்கோணமாவது

இதுதான் பிள்ளைகளை அதிகம் அழவைப்பது. ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கண்ணி தொலைகிறது. பத்து வரிசையில் பத்துக் கண்ணி.

தொலையும் இடம் ஒன்றே ஒன்று, வரிசையின் கரை. ட்ரெபிளில் திரும்பும்போது 3 சங்கிலி போடுகிறோம். அந்த 3 சங்கிலியும் சேர்ந்து ஒரு ட்ரெபிளாக எண்ணப்படும். ஆகவே அதன் அடியில் இருக்கும் கண்ணியில் திரும்பக் குத்தக் கூடாது, குத்தினால் ஒன்று கூடும். வரிசை முடிவில், போன வரிசையின் அந்த 3 சங்கிலியின் உச்சியில் கட்டாயம் ஒரு ட்ரெபிள் போட வேண்டும், விட்டால் ஒன்று குறையும். சங்கிலி என்று நினைத்துப் பிள்ளைகள் விடுவது இந்த உச்சியைத்தான். டபுளில் 1 சங்கிலிதான் போடுவோம். வழக்கமாக அதை எண்ணுவதில்லை. முதல் கண்ணியிலேயே குத்தித் தொடங்க வேண்டும்.

20 ட்ரெபிள் வேண்டுமானால் 22 சங்கிலி போட்டு, கொக்கியில் இருந்து நான்காவதில் முதல் ட்ரெபிளைப் போடுங்கள். 20 டபுளுக்கு 21 சங்கிலி, இரண்டாவதில் தொடங்குங்கள். திரும்பும் சங்கிலியின் உச்சியில் வேறு நிற நூல் துண்டு ஒன்றைக் கட்டி வையுங்கள். வரிசை முடிய ஒருமுறை எண்ணுங்கள். பத்து வரிசைக்கு ஒருமுறை எண்ணினால் ஒன்பது வரிசையை அவிழ்க்க வேண்டிவரும்.

அவிழ்க்கப் பயப்படவும் வேண்டாம். சுவெட்டர் பின்னும் இரட்டை ஊசியில் ஒரு வரிசைக் கண்ணி முழுதும் ஊசியில் உயிரோடு நிற்கும். குரோஷேயில் உயிரோடு இருப்பது பெரும்பாலும் ஒரு கண்ணி மட்டும். பிழை வந்த இடம் வரைக்கும் இழுத்துவிட்டு அங்கேயே கொக்கியைப் போடலாம். நூல் வீணாகாது.

5. வட்டம் கிண்ணமாவது, அல்லது நெளிவது

வட்டம் தட்டையாக இருக்க ஒவ்வொரு சுற்றிலும் குறிப்பிட்ட அளவு கண்ணி கூட வேண்டும். டபுள் என்றால் 6, ஹாஃப் ட்ரெபிள் என்றால் 8, ட்ரெபிள் என்றால் 12. அதாவது டபுளில் 6, 12, 18, 24 என்றும், ட்ரெபிளில் 12, 24, 36 என்றும் போகும். குறைந்தால் கிண்ணம். கூடினால் கரை நெளியும்.

கணித டீச்சர்மார் கோபிக்க வேண்டாம், இது உங்கள் பாடம்தான். வட்டத்தின் ஆரை ஒன்று கூடினால் சுற்றளவு 2 தரம் 3.14, அதாவது 6 சொச்சம் கூடும். டபுள் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று, ஆகவே 6. ட்ரெபிள் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம், ஆகவே 12.

இது தெரிந்தால் தொப்பியும் தெரியும். தொழுகைக்குப் போடும் குரோஷே தொப்பி என்பது கூட்டுவதை நிறுத்திய வட்டம். தலைச் சுற்றளவு 54 சென்ரிமீற்றர் என்றால், அதை 3.14 ஆல் பிரிக்க 17 சென்ரிமீற்றர் வரும். தட்டையான வட்டத்தின் விட்டம் 17 ஆனதும் கூட்டுவதை நிறுத்திவிட்டு, கண்ணிக்குக் கண்ணி சுற்றிக்கொண்டே போனால் அது தானாகக் கீழ்நோக்கித் திரும்பும். மூத்தம்மாவின் கைக்குத் தெரிந்த கணக்கு இதுதான். வட்டம் போட்டுக் கிண்ணம் ஆக்கிய பிள்ளைக்கு நான் சொல்வது, நீ தொப்பியை நேரத்தோடே தொடங்கிவிட்டாய் மகள் என்று.

முடித்த பிறகு ஒரு விடயம். அயர்லாந்துக் குடிசைகளில் புகை படிந்து ரேந்தை பழுப்பாகிவிடும், துவைத்துத்தான் விற்பனைக்குப் போகும். லயத்து அடுப்புப் புகையும் கொழுந்துச் சாயமும் அப்படித்தான். பின்னும்போது சுத்தமான துணியில் சுற்றி வையுங்கள். முடிந்ததும் மெதுவாகக் கழுவி, பருத்தி நூல் என்றால் கஞ்சியில் தோய்த்து, பலகையில் துணி விரித்து, குண்டூசியால் வடிவமாக இழுத்துக் குத்திக் காயவிடுங்கள். பாதிக் கோணல் அதிலேயே போய்விடும்.

எண்ணாமல் விட்டால்

இப்போது நரசாப்பூர். ஜெர்மன் ஆய்வாளர் மரியா மீஸ் 1970களின் கடைசியில் அங்கே தங்கி ஆராய்ந்து எழுதிய புத்தகம் 1982 இல் வந்தது. வீட்டில் இருந்து குரோஷே பின்னிய பெண்கள் இலட்சத்துக்கு மேல். ரேந்தை அவுஸ்திரேலியா, ஜெர்மனி, அமெரிக்கா என்று போனது. வியாபாரிகள் பணக்காரர் ஆனார்கள். பின்னியவளுக்கு நாள் முழுக்கப் பின்னினாலும் ஒரு ரூபாய் கூடத் தேறவில்லை. வயலில் கூலிக்குப் போன பெண்ணுக்கு அதைவிடக் கூடக் கிடைத்தது. எப்படி முடிந்தது? அவர்களை யாரும் தொழிலாளி என்று சொல்லவில்லை. வீட்டில் சும்மா இருக்கிற பெண்கள், ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள் என்றார்கள். அவர்களும் அதை நம்பினார்கள். ஒருத்தி பூ, ஒருத்தி கரை, ஒருத்தி இணைப்பு என்று அயர்லாந்து போலவே வேலை பிரிந்திருந்தது. மணித்தியாலத்தை யாரும் எழுதி வைக்கவில்லை.

அதே 1982 இல், சர்வதேச தொழிலாளர் அமைப்பின் அதே ஆய்வு முயற்சியில், இலங்கைத் தோட்டத்துப் பெண்களைப் பற்றி ராச்செல் குரியன் எழுதிய நூலும் வந்தது. விடியுமுன் எழும்பித் தேத்தண்ணி போட்டு, பெரட்டுக்குப் போய், மலை ஏறி, மாலையில் திரும்பி, விறகு, தண்ணீர், சமையல் என்று முடியும் நாள் அதில் இருக்கிறது. நம் ஆட்களுக்கு அது புத்தகத்தில் வாசித்துத் தெரிய வேண்டியதில்லை. ஒரே வேலைநாளுக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்குக் குறைந்த சம்பளம் என்ற நிலை 1984 வரைக்கும் இருந்தது. பெண்ணின் சம்பளத்தை வீட்டு ஆண் போய் வாங்கும் வழக்கமும் பல தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது.

தோட்டத்தில் எண்ணாமல் எதுவும் நடந்ததில்லை. கொழுந்து நிறுத்தார்கள். கூடைக்குக் கழித்தார்கள், ஈரத்துக்குக் கழித்தார்கள். குறைந்தால் அரைப்பேர் போட்டார்கள். ஆனால் எண்ணியது கணக்கப்பிள்ளை, எழுதியது அவருடைய புத்தகத்தில். பறித்தவள் கையில் கணக்கு இருக்கவில்லை. நரசாப்பூரில் யாரும் எண்ணாததால் ஏமாந்தார்கள். நம் மலையில் வேறு ஆள் எண்ணியதால் ஏமாந்தார்கள்.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், சாதாரண தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் பலர் இப்போது குரோஷேயில் சாவிக்கொத்துப் பொம்மை, பூங்கொத்து, குழந்தைச் சப்பாத்து, தொப்பி என்று செய்கிறார்கள். போன் வழியாக ஆட்கள் வாங்குகிறார்கள். நல்ல விடயம். ஆனால் "என்ன விலை?" என்று கேட்டால், "நீங்க தாறதைத் தாங்க அக்கா" என்கிறார்கள். வாங்கி விற்பவரும் "சும்மா இருக்கிற நேரத்தில் செய்றதுதானே" என்கிறார். நரசாப்பூரில் சொன்ன அதே வசனம்.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். குரோஷேயைத் தொழிற்சாலை அளவில் செய்யும் இயந்திரம் இன்றுவரை சந்தையில் இல்லை. கடையில் மலிவாகக் கிடக்கும் உண்மையான குரோஷே ஒவ்வொன்றையும் எங்கோ ஒரு மனிதக் கைதான் பின்னியிருக்கிறது. விலை மலிவென்றால் அந்தக் கைக்குக் கொடுத்தது குறைவு. அதோடு உங்கள் விலையைப் போட்டிக்கு விட வேண்டாம்.

கணக்கு இப்படி. 2021 இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அதன் பிறகு கூடியிருக்கிறது. அந்தப் பழைய 1000 ஐயே எடுத்து 8 மணித்தியாலத்தால் பிரித்தால் 125 ரூபாய். ஒரு சாவிக்கொத்துப் பொம்மைக்கு 2 மணித்தியாலம் என்றால் கூலி மட்டும் 250. ஒரு தொப்பிக்கு 10 மணித்தியாலம் என்றால் 1250. அதன் மேல் நூல் காசு. இதற்குக் கீழே கேட்டால், மலையில் கொழுந்து பறிக்கும் அம்மாவை விடக் குறைந்த கூலிக்கு நீங்கள் வேலை செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஆகவே என் வகுப்பில் குரோஷே கொப்பிக்கு மூன்று நிரல் வைத்திருக்கிறேன். முதலாவது, வரிசை இலக்கமும் கண்ணி எண்ணிக்கையும். இரண்டாவது, நூலின் இலக்கமும் கொக்கியின் மில்லிமீற்றரும். மூன்றாவது, தொடங்கிய நேரமும் நிறுத்திய நேரமும். முதல் இரண்டும் கோணலைத் திருத்தும். மூன்றாவது நிரலைப் பிள்ளைகள் முதலில் சிரித்துக்கொண்டுதான் எழுதுவார்கள். ஒரு தவணை முடிய அவர்களே கூட்டிப் பார்த்து, "டீச்சர், இதுக்கு இவ்வளவு நேரமா போயிருக்கு?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்தால் பாடம் முடிந்தது என்று வைத்துக்கொள்வேன்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கோணலாகப் பின்னிக்கொண்டு வந்தால் "உனக்கு வராது" என்று சொல்லாதீர்கள். "எண்ணிப் பார்த்தியா?" என்று கேளுங்கள். வீட்டில் மூத்தம்மா, அம்மாயி, பாட்டி யாராவது பின்னிய விரிப்போ தொப்பியோ இருந்தால் அலுமாரியில் இருந்து வெளியே எடுங்கள். நடுவில் எத்தனை கண்ணி, சுற்றுக்கு எத்தனை கூடியிருக்கிறது, எத்தனை சுற்று என்று பிள்ளையை எண்ண வையுங்கள். படமும் எண்ணிக்கையும் கீழே போட்டால் எல்லோரும் சேர்ந்து அந்த மாதிரியை எழுத்தில் எடுத்து வைக்கலாம். பின்னியவர் உயிரோடு இருந்தால் எத்தனை நாள் எடுத்தது என்றும் மறக்காமல் கேட்டு எழுதுங்கள்.